டீசல் ஜெனரேட்டரில் மோட்டார் ஓட்டலாமா?

கரண்ட் இல்லாத நேரத்தில் பயிர் வாடினால், தாடிக்கொம்பு குடகனாற்றுப் பகுதி விவசாயிக்கு முதலில் தோன்றுவது ஜெனரேட்டர்தான். வாடகைக்கு எடுக்கும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

ஜெனரேட்டரும் மோட்டாரும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. சுழற்சியை மின்சாரமாக்குவது ஜெனரேட்டர். மின்சாரத்தைச் சுழற்சியாக்குவது மோட்டார். லோயர் கேம்ப் பெரியாறு மின் நிலையத்தில் விழும் தண்ணீர் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. கிணற்று மோட்டாரோ மின்சாரத்தால் சுழன்று தண்ணீரை மேலே ஏற்றுகிறது.

ஒவ்வொரு மாற்றத்திலும் சக்தி கொஞ்சம் வெப்பமாக வீணாகும். டீசலின் சக்தி 100 பங்கு என்றால், இன்ஜின் சுழற்சியாகத் தருவது ஏறத்தாழ 30. அது ஜெனரேட்டரைக் கடந்தால் 26, மோட்டாரையும் கடந்தால் 21 அளவில்தான் மிஞ்சும். எனவே தண்ணீர் 20 அடி ஆழத்துக்குள் இருந்தால், பம்பை நேரடியாக ஓட்டும் டீசல் இன்ஜினே சிக்கனம். ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கி மோட்டாருக்குத்தான் ஜெனரேட்டர் தேவை.

மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிட 5 முதல் 7 மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதனால் 5 எச்.பி. மோட்டாருக்குச் சுமார் 10 கே.வி.ஏ. ஜெனரேட்டர் வேண்டும். சிறியதை மாட்டினால் மின்னழுத்தம் சரிந்து, காயில் கருகிவிடும்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஒருபோதும் இணைக்காதீர்கள். ஜெனரேட்டர் மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியே உயர் அழுத்தமாகிக் கம்பியில் ஏறினால், கம்பத்தில் பழுது பார்க்கும் மின் ஊழியரின் உயிர் போய்விடும்.