அந்தி வானத்துக்கு ஏன் கூர்மை?

மலாக்கா நீரிணையில் சூரியன் மறைவதைக் கிளேபாங் கடற்கரையிலோ நீரிணைப் பள்ளிவாசல் அருகிலோ நின்று படமெடுக்காதவர்கள் குறைவு. படம் சற்று மங்கலாக இருந்தால் உடனே கைத்தொலைபேசியில் ‘கூர்மை’ அளவை ஏற்றிவிடுகிறோம். அப்போது உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா?

கூர்மையாக்கும் கருவி புதிய நுணுக்கம் எதையும் சேர்ப்பதில்லை. இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்பைத் தேடி, இருண்ட பக்கத்தை மேலும் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை மேலும் வெளுப்பாக்குகிறது. நம் கண்ணும் இயல்பாகவே இதைப் போன்ற வேலையைச் செய்கிறது. இந்த இயக்கத்தை அமெரிக்கக் குதிரைலாட நண்டின் கண்ணில் ஆராய்ந்த ஹார்ட்லைன், 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் கடலோரங்களில் காணப்படும் பெலங்காஸ் அதன் உறவினம்தான்!

அளவு மீறினால் மினாராவையும் தென்னையையும் சுற்றி, அங்கே இல்லாத வெள்ளைக் கோடு முளைக்கும். ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கு மெல்ல மாறும் வானத்திலோ விளிம்பே கிடையாது. அங்கே கூர்மையைக் கூட்டினால், குறைந்த ஒளியில் பதிவான இரைச்சல் புள்ளிகள்தாம் மணல் தூவியதுபோல் எழும்பும்.

ஆகவே, மூலப் படத்தைப் பத்திரப்படுத்தி, நகலில் திருத்துங்கள். நிறம், ஒளி, பட அளவு ஆகியவற்றைச் சரிசெய்தபின் கூர்மையைக் கடைசியாகத் தொடுங்கள். 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் குறைத்துவிடுங்கள். வசதி இருந்தால் படகையும் மரத்தையும் மட்டும் தேர்ந்தெடுத்துக் கூர்மையாக்கி, வானத்தை அப்படியே விடுங்கள். கை நடுங்கி எடுத்த படத்தை இந்தக் கருவி மீட்காது. எடுக்கும்போதே முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொள்ளுங்கள்.