பழைய காரைப் புதுப்பிக்கிறீங்களா? ஆர்.சி.யையும் கவனிங்க!

துருப்பிடித்த அம்பாசடரை, அதே மாடல் கார் ஒன்றைப் பிரித்துச் சரிசெய்யப் போறீங்களா? அந்த இரண்டாவது காரை வாங்கும் முன், எம்பரிவாகன் ஆப்பில் அதன் பதிவு விவரத்தைப் பாருங்க.

கதவு, பானட், கண்ணாடியைத் தாராளமா மாற்றலாம். இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலக ஒப்புதல் வேண்டும். புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். சேஸ் எண்ணில் கை வைக்கவே கூடாது.

பிரித்த காரின் ஆர்.சி.யை 14 நாட்களுக்குள் ஒப்படைத்து ரத்து செய்யணும். விட்டுவிட்டால், அந்த நம்பரை யாராவது தவறாகப் பயன்படுத்தும்போது, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரிடம்தான் கேள்வி வரும்.

50 ஆண்டு தாண்டிய காரா? 2021 விதிப்படி இன்ஜின், பாடி, சேஸில் பெரிய மாற்றம் இல்லாவிட்டால்தான் 'விண்டேஜ்' பதிவு கிடைக்கும். எனவே, ஒரிஜினல் இன்ஜினைச் சரிசெய்ய முடியுமான்னு மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்க.