அரசுகள் எழுதும் தாள்களில் நாம் எங்கே?

இரு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கும் படம் மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்துவிடும். அதே நாளில் அவர்கள் வெளியிட்ட கூட்டறிக்கையை முழுதாகப் படிப்பவர்கள் மிகக் குறைவு. 'இருதரப்பு உறவு வலுப்பெறும்', 'ஒத்துழைப்பு விரிவடையும்' என்று எல்லாம் கேட்டுப் பழகிய சொற்களாகவே தெரியும். ஆனால் அந்தத் தாளில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் இரு நாட்டு அதிகாரிகளும் பேரம் பேசித்தான் எழுதியிருப்பார்கள். எதைச் சொல்வது, எதை விடுவது, எந்தச் சொல்லில் சொல்வது என்பதில்தான் ஒரு நாட்டின் உண்மையான விருப்பம் இருக்கிறது.

நான் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அனைத்துலக உறவுகள் படிக்கும் மாணவி. வீடு கிள்ளானில். இந்தப் பருவத்தில் எங்களுக்கு அரசதந்திர ஆவணங்களைப் படித்து ஆராயும் பாடம் இருக்கிறது. பாடத்தின் முதல் விதி எளிமையானது. ஓர் ஆவணத்தைத் தனியாகப் படிக்கக் கூடாது. அதற்கு முன்னால் வந்ததைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் எந்தச் சொல் மாறியது, எது காணாமல் போனது, எது புதிதாக வந்தது என்று பார்த்தால் கொள்கை எங்கே திரும்பியது என்பது தெரியும்.

இந்த விதியை நம் நாட்டு வரலாற்றிலேயே பொருத்திப் பார்க்கலாம்.

வினைச்சொல்லைப் பாருங்கள்

1974 மே 31ஆம் நாள் பெய்ஜிங்கில் பிரதமர் துன் அப்துல் ரசாக்கும் சீனப் பிரதமர் சௌ என்லாயும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டார்கள். ஆசியான் நாடுகளில் சீன மக்கள் குடியரசுடன் முதலில் அரசதந்திர உறவு ஏற்படுத்திக்கொண்டது மலேசியாதான். துங்கு காலத்தில் கம்யூனிஸ்டு நாடுகளிடமிருந்து விலகி நின்ற ஒரு நாட்டுக்கு இது பெரிய திருப்பம். 1971 நவம்பரில் கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் வெளியிட்ட பிரகடனத்தையும் இதையும் அருகருகே வைத்தால் திருப்பம் திடீரென்று வரவில்லை என்பது புரியும். தென்கிழக்காசியா அமைதியும் சுதந்திரமும் நடுநிலையும் கொண்ட வட்டாரமாக வேண்டும் என்று அந்தப் பிரகடனம் அப்போதே சொல்லிவிட்டது.

1974 அறிக்கையில் இரண்டு வினைச்சொற்களைக் கவனியுங்கள். பெய்ஜிங் அரசைச் சீனாவின் ஒரே சட்டப்பூர்வ அரசாக மலேசியா 'அங்கீகரிக்கிறது'. ஆங்கில மூலத்தில் இது 'ரெக்கக்னைஸ்'. தைவான் சீனாவின் பிரிக்க முடியாத பகுதி என்ற சீன அரசின் நிலைப்பாட்டுக்கு வரும்போது சொல் மாறிவிடுகிறது. அங்கே இருப்பது 'அக்னாலஜ்'. 'உங்கள் நிலைப்பாடு இது என்று நாங்கள் அறிவோம்' என்ற அளவில் நிற்கும் சொல் அது. 1972இல் அமெரிக்கா ஷங்ஹாய் அறிக்கையில் பயன்படுத்தியதும் இதே சொல்தான். ஒரே வாக்கியத்தில் ஒன்றை முழுதாகக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்வது இப்படித்தான்.

அதே அறிக்கையில் மலேசியாவுக்கு மிகவும் வேண்டியிருந்த ஒரு பத்தியும் இருக்கிறது. இரட்டைக் குடியுரிமையை இரு நாடுகளும் ஏற்பதில்லை. மலேசியக் குடியுரிமை பெற்ற சீன வம்சாவளியினர் சீனக் குடியுரிமையைத் தானாகவே இழக்கிறார்கள் என்கிறது அது. அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கே பொதுத்தேர்தல் நடந்ததையும் நினைவில் வைத்துப் படித்தால், வெளியுறவு ஆவணம் ஒன்று உள்நாட்டு மக்களிடமும் பேசுகிறது என்பது விளங்கும்.

ஓராண்டில் மாறிய முடிவு

இப்போது நம் கதைக்கு வருவோம். தோட்டங்களில் பால்மரம் வெட்ட நம் முன்னோர்கள் கப்பலேறி வந்த காலத்தில் மலாயாவும் இந்தியாவும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தன. ஆனாலும் இரண்டு அரசுகளின் நலனும் ஒன்றாக இருக்கவில்லை. 1922ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு இந்திய அரசு மலாயாவில் தனக்கென ஓர் ஏஜெண்டை வைத்திருந்தது. தொழிலாளர்களின் நிலையைப் பார்த்து ஊருக்கு எழுதுவது அவர் வேலை.

1936ஆம் ஆண்டு இறுதியில் இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்தார். 1937இல் வெளியான அவருடைய அறிக்கை, ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு என்ற பழைய கூலியைத் திரும்பத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே சமயம், உதவிப் பயணத்தில் தொழிலாளர்கள் மலாயாவுக்கு வருவதைத் தடுக்கக் காரணமில்லை என்றும் சொன்னது. இங்கிருந்த மலாயா மத்திய இந்தியச் சங்கத்துக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை.

அடுத்த ஆவணம் 1938 ஜூன் 15ஆம் நாள் வருகிறது. உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவிப் பயணத்தில் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு முற்றாகத் தடை செய்தது. ஓராண்டு இடைவெளியில் 'தடுக்கக் காரணமில்லை' என்பது 'தடை' ஆகிவிட்டது. நடுவில் என்ன நடந்தது?

விடை அந்தத் தாளுக்கு வெளியே இருக்கிறது. ரப்பர் விலை சரிந்ததும் தோட்ட முதலாளிகள் மீண்டும் கூலியைக் குறைக்க முற்பட்டார்கள். இந்தியாவில் 1937 தேர்தலுக்குப் பிறகு பல மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் அமைந்தன. தொழிலாளர்கள் அதிகமாகப் புறப்பட்டு வந்த சென்னை மாகாணத்தில் ராஜாஜி முதல்வரானார். அதே 1937இல் நேரு மலாயாவுக்கே வந்து போயிருந்தார். கடல் தாண்டிய கூலியாளின் 50 காசு அங்கே அரசியலாகிவிட்டது. ஓர் ஆவணத்தின் சொல் மாறும்போது அதன் பின்னால் யாருடைய பலம் கூடியது, யாருடைய பலம் குறைந்தது என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மிதிவண்டியை விட்டு இறங்க மாட்டோம்

1941ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் பின்னணியில் நின்றவர்களில் முக்கியமானவர் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். மே மாதத்தில் அவரைக் கைது செய்து பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படையும் இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

இந்தப் போராட்டம் பற்றி இரண்டு வகையான எழுத்து இருக்கிறது. ஆட்சியாளர்கள் லண்டனுக்கு எழுதியதில் 'கிளர்ச்சியைத் தூண்டுபவர்கள்' முன்னால் நிற்கிறார்கள். அப்போது போர்க்காலம். மலாயாவின் ரப்பரும் ஈயமும் பிரிட்டனுக்கு அமெரிக்க டாலரை ஈட்டித் தந்துகொண்டிருந்தன. உற்பத்தி நிற்கக் கூடாது என்பதே அந்த எழுத்துகளின் அடியில் ஓடும் நலன். தூண்டியவர் ஒருவர் என்று காட்டிவிட்டால் அவரை அகற்றினால் போதும். கூலியையும் தோட்ட நிர்வாகத்தையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

தொழிலாளர்கள் கொடுத்த கோரிக்கைப் பட்டியலைப் படித்தால் வேறு கதை. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களைத் தொல்லை செய்வதை நிறுத்துதல், சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு இன்னொரு வரியும் இருக்கிறது: துரைமாரையோ கிராணிமாரையோ கண்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

அந்த ஒரு வரிக்கு எந்தச் செலவும் இல்லை. காசு கணக்கில் அது வரவே வராது. ஆனால் அதைக் கேட்டவர்கள் வெறும் கூலிக்காக மட்டும் நிற்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. என் பூட்டனும் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர்தான். அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை; யார் பெயரும் இல்லை. ஆனால் அதிகாரிகளின் கடிதங்களில் 'தமிழ்க் கூலி' என்ற எண்ணிக்கையாக இருந்தவர்கள் இந்த வரியில் மனிதர்களாக எழுந்து நிற்கிறார்கள். ஆவணம் படிக்கும்போது நான் கேட்கும் இரண்டாவது கேள்வி இதிலிருந்துதான் வந்தது: இந்தத் தாளில் யாருடைய குரல் இருக்கிறது, யாருடைய குரல் இல்லை?

எண்களாகிப் போனவர்கள்

குரல் இல்லாத ஆவணத்துக்கு இலங்கையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், குடியுரிமை இல்லாத மலையகத் தமிழர்களை 975,000 பேர் என்று கணக்கிட்டது. அதில் 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிந்தது. 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மக்கள் தொகையை மரக்கட்டைபோல் சரிபாதியாக அறுக்க முடியும் என்றால், அந்த எண் மக்களைப் பார்த்து எழுதியதல்ல என்று தெரிகிறது. அது இரண்டு அரசுகளின் வசதியை அளந்து எழுதிய எண். ஓர் ஆவணத்தில் எண் மிக நேர்த்தியாக இருந்தால் அங்கே கொஞ்சம் நின்று படியுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வளைவுக்குப் பின்னால்

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியா நம்மைப் பார்த்த பார்வை மாறியது. வெளிநாட்டில் குடியுரிமை பெற்ற இந்தியர்கள் அந்த நாட்டுக்கே விசுவாசமாக இருக்க வேண்டும் என்பது நேருவின் நிலைப்பாடு. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2003 முதல் ஜனவரி 9ஆம் நாளை வெளிநாடுவாழ் இந்தியர் தினமாகக் கொண்டாடத் தொடங்கியது அதே இந்தியா. பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட நாட்டுக்குக் கடல் கடந்த உறவுகள் முதலீடாகவும் பாலமாகவும் தெரிந்தன.

அந்த மாற்றத்தின் அடையாளங்களை நம் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பார்க்கலாம். 2010 அக்டோபரில் மன்மோகன் சிங் வந்தபோது இங்கே லிட்டில் இந்தியா திறக்கப்பட்டது. அந்தப் பயணத்தில் இரு நாட்டு உறவுக்கு 'வியூகப் பங்காளித்துவம்' என்று பெயர் சூட்டினார்கள். 2015 நவம்பரில் இந்தியாவின் அன்பளிப்பான தோரண வாயிலை மோடியும் நஜிப்பும் திறந்து வைத்தபோது அது 'மேம்படுத்தப்பட்ட' பங்காளித்துவமானது. 2024 ஆகஸ்டில் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் புதுடில்லிக்குச் சென்றபோது 'விரிவான' என்ற அடைமொழி வந்தது. சீனாவுடன் மலேசியா அதே 'விரிவான வியூகப் பங்காளித்துவம்' என்ற பெயரை 2013லேயே வைத்துவிட்டது. இந்த அடைமொழிகள் அலங்காரம் போலத் தெரியும். ஆனால் யாருக்கு எந்த ஆண்டில் எந்த அடைமொழி என்று ஒரு பட்டியல் போட்டால், பெரிய நாடுகளுக்கு நடுவில் மலேசியா எப்படிச் சமநிலை பார்க்கிறது என்பது புரியும்.

2024 பயணத்தில் கையொப்பமான ஒப்பந்தங்களில் ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. தொழிலாளர்களைத் தேர்வு செய்வது, வேலைக்கு அமர்த்துவது, தாயகத்துக்குத் திருப்பி அனுப்புவது பற்றிய புரிந்துணர்வு ஒப்பந்தம் அது. 1938இல் இந்தியா அடைத்த கதவும் தொழிலாளர்களைப் பற்றியதுதான். 86 ஆண்டுகளில் நாடுகளின் பெயரும் கொடியும் மாறிவிட்டன. வேலைக்கு ஆள் வேண்டும் நாடும், ஆளை அனுப்பும் நாடும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது மாறவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகங்களில் நமக்குச் சாப்பாடு பரிமாறும் தமிழ்நாட்டுத் தம்பிகளின் வாழ்க்கை அந்தத் தாளின் சில பத்திகளில் இருக்கிறது. அதில் அவர்களுடைய கூலி, தங்குமிடம், குறை சொல்லும் உரிமை பற்றி எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்பது, மிதிவண்டி வரியை எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளான நம் கடமை.

நீங்களும் முயலலாம்

இதற்குப் பல்கலைக்கழகத்தில் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். படிவம் 4, 5 மாணவர்களும் எஸ்.டி.பி.எம். மாணவர்களும் வரலாற்றுப் பாடத்தோடு சேர்த்தே செய்யலாம். கூட்டறிக்கைகளை இரு நாட்டு வெளியுறவு அமைச்சுகளின் இணையத்தளங்களில் காணலாம். நம் நாடாளுமன்ற விவாதங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. பழைய கோப்புகளைப் பார்க்கக் கோலாலம்பூரில் அர்கிப் நெகாரா இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்னாக்கப் பழைய நாளிதழ்களில் 1938, 1941 செய்திகளை இலவசமாகத் தேடிப் படிக்கலாம்.

ஒரே விஷயத்தைப் பற்றி, வெவ்வேறு ஆண்டுகளில் வந்த இரண்டு ஆவணங்களை எடுங்கள். வினைச்சொற்களுக்கு ஒரு நிறம், எண்களுக்கு ஒரு நிறம், புதிதாக வந்த சொற்களுக்கு ஒரு நிறம் என்று கோடு போடுங்கள். 'செய்யும்', 'செய்ய முயலும்', 'செய்வது குறித்து ஆராயும்' ஆகிய மூன்றும் மூன்று வேறு வாக்குறுதிகள். பிறகு அந்த ஆண்டுகளில் விலைவாசி, தேர்தல், போர் என என்ன நடந்தது என்று ஓரத்தில் எழுதுங்கள். கடைசியாக, இந்த முடிவால் யாருடைய வாழ்க்கை மாறும், அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்று எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஓர் ஆவணம் முழு உண்மையையும் சொல்லாது. கூட்டறிக்கை உலகம் பார்ப்பதற்காக எழுதியது. அதிகாரி தன் தலைமையகத்துக்கு எழுதும் கடிதம் இன்னும் வெளிப்படையாக இருக்கும், ஆனால் அதிலும் அவர் தன் பதவியைக் காப்பாற்றிக்கொண்டுதான் எழுதுவார். அதனால்தான் பல தாள்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் படிக்கிறோம்.

நம் முன்னோர்களைப் பற்றிப் பிறர் எழுதிய தாள்கள் ஏராளம். அவற்றை அவர்கள் படிக்க வழி இருக்கவில்லை. தமிழும் மலாயும் ஆங்கிலமும் தெரிந்த நம் தலைமுறைக்கு அந்த வழி திறந்திருக்கிறது. அடுத்த முறை ஒரு கூட்டறிக்கை வெளிவரும்போது, படத்தைப் பார்த்த பிறகு ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.