மின்வண்டி பேட்டரி: ஒரு சார்ஜுக்கு என்ன செலவு?

வங்கியில் பல வருஷம் கடன் மனுக்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவன் நான். ஆனாலும் கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரத்துக்குக் கீரை, கத்தரி கொண்டுபோக மின்ஸ்கூட்டர் வாங்கியபோது விலையை மட்டும் பார்த்து ஏமாந்தேன். ஒன்றரை வருஷத்தில் பேட்டரி படுத்துவிட்டது. பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வண்டி வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு அது உதவட்டும்.

மூன்று வகைதான் அதிகம் வருகிறது.

ஈய-அமிலம்: நம்ம வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதுதான். விலை குறைவு, எடை அதிகம். முழுக்க இறக்கி ஏற்றினால் 300 முதல் 500 தடவை தாங்கும். சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டுவிடும். அறுவடை மும்முரத்தில் நான் செய்த தப்பு அதுதான்.

என்எம்சி: நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த லித்தியம் பேட்டரி. எடைக்கு எடை பார்த்தால் மூன்றிலும் இதுதான் அதிக மின்சாரம் பிடிக்கும், அதிக தூரம் ஓடும். சுமார் 1,000 தடவை வரும். சூடு அளவு மீறினால் தீப்பிடிக்கும் ஆபத்து எல்எஃப்பியைவிட அதிகம்.

எல்எஃப்பி: லித்தியம், இரும்பு, பாஸ்பேட் சேர்ந்தது. 1990-களில் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃப் குழு கண்டறிந்தது. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருப்பதால் சூட்டில் லேசில் பிரியாது. ஓடும் தூரம் என்எம்சியைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் 2,000 தடவை வரை உழைக்கும்.

இப்போ கணக்குக்கு வருவோம். என் வண்டிக்கு ஈய-அமில செட் 12,000 ரூபாய் என்றார்கள். 300 தடவை என்றால் ஒரு சார்ஜுக்கு 40 ரூபாய் தேய்மானம். எல்எஃப்பி 30,000 ரூபாய். 1,500 தடவை என்று குறைத்தே வைத்தாலும் 20 ரூபாய்தான். எடையும் மூன்றில் ஒரு பங்கு. நம்ம கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலையும் சேர்த்து யோசித்து எல்எஃப்பிதான் போட்டேன்.

இரண்டு எச்சரிக்கை. பழைய ஈய-அமில சார்ஜரை எல்எஃப்பிக்குப் போடாதீங்க, அதற்குரியதை வாங்குங்க. ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜ் போடாமல், நிழலில் ஆறவிட்டுப் போடுங்க.

கடைசியாக, பழைய பேட்டரியை வரப்போரம் உடைக்க யாரையும் விடாதீங்க. மண்ணில் இறங்கிய ஈயம் நம்ம ஆயுசுக்குள் போகாது. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் அதைத் திரும்ப எடுக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. புதுசு வாங்கும்போதே பழையதைக் கொடுத்து, ரசீது கேட்டு வாங்குங்க. ரசாயனம் வேண்டாமென்று ஒதுக்கிய வயலில் ஈயத்தை ஊற்றலாமா?