சைலன்சரை மாற்றினால் பைக் வேகமாகுமா?

“சைலன்சரை மாத்திப் பாருங்கண்ணே, பிக்கப் எகிறும்!” மெக்கானிக் கடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கு. உண்மையில் எகிறுவது பெரும்பாலும் சத்தம்தான்.

எஞ்சினிலிருந்து புகை ஒரே சீராக வருவதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதெல்லாம் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. குழாய் விரியும் இடத்தில் அதன் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்தால் சிலிண்டரில் தங்கிய புகையை இழுத்துவிடும். புதுக் காற்றுக்கு இடம் கிடைக்கும். இந்த நேரக் கணக்கு குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் பொறுத்தது. அகலமான குழாயில் புகையின் வேகம் குறைந்து, நாம் தெருவில் ஓட்டும் குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை தளரலாம்.

லாபமே இல்லை என்று சொல்லமாட்டேன். எடை குறையும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவையும் அதற்கேற்ப மாற்றினால் உயர் ஆர்பிஎம்மில் சக்தி கொஞ்சம் கூடும். ரேஸ் ஓட்டுபவருக்கு அது பெரிது.

ஆனால் முழுக் குழாயையும் மாற்றும்போது பெரும்பாலும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் போய்விடுகிறது. கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டைஆக்சைடாக மாற்றும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு அதில்தான் இருக்கிறது. அதன்பின் அந்த நஞ்சு, சிக்னலில் பின்னால் நிற்கும் குழந்தையின் மூச்சில் கலக்கும். இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, ஒலி, புகை விதிகளை மீறினால் முதல் முறையே ரூ.10,000 வரை அபராதம் உண்டு.

பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், அதே மாடலுக்கான கம்பெனி சைலன்சரையே வாங்கிப் போடுங்கள்.