"காணும், இறங்குங்கோ!"



எனக்கு வயது 48. ஆறு வருடங்களுக்கு முன் வழமையான இரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, சலரோகம் வரும் எல்லையில் நிற்பதாக வைத்தியர் சொன்னார். என் தகப்பனாருக்கும் இருந்த வருத்தம் அது. அன்று வாங்கியதுதான் சைக்கிள். முதலில் வேலைக்குப் போய்வர ஓடினேன். பிறகு சனிக்கிழமைகளில் காட்டுப் பாதைகளில் ஓடினேன். கடைசியில் அது என்னை ஸ்கொட்லாந்தின் வட மலைநாட்டில் ஜனவரி மாதம் நடந்த ஸ்ட்ராத்பஃபர் என்னும் 24 மணி நேர மலைச் சைக்கிள் போட்டியில் கொண்டுபோய் விட்டது. அதில் தனிநபர் பிரிவில் ஓடினேன். பதக்கம் கிடைக்கவில்லை. முழு நேரமும் ஓடி முடிக்கவுமில்லை. ஆனாலும் அங்கு படித்த பாடம் சைக்கிள் ஓடாதவர்களுக்கும் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

போட்டி எப்படி?

இவ்வகைப் போட்டியில் காட்டுக்குள் ஒரு சுற்றுப் பாதை இருக்கும். சனி காலை 10 மணி முதல் ஞாயிறு காலை 10 மணி வரை அதை எத்தனை தடவை சுற்றினோம் என்பதே கணக்கு. குழுவாக ஓடுபவர்கள் ஒருவர் சுற்றிவர மற்றவர்கள் கூடாரத்தில் இளைப்பாறலாம். தனியாக ஓடுபவருக்கு மாற்றாள் கிடையாது.

24 மணி நேர மலைச் சைக்கிள் போட்டி 1992இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் குழுப் போட்டியாகவே தொடங்கியது. 1990களில் ஜோன் ஸ்டாம்ஸ்ராட் என்பவர் தன் பெயரையே நான்கு விதமாக எழுதி, நால்வர் குழு என்று பதிந்து, முழுவதையும் தானே ஓடினார்! பின்னர் தனிநபர் பிரிவும் பல நாடுகளுக்குப் பரவியது.

ஸ்கொட்லாந்தில் அந்த மாதத்தில் ஏறக்குறைய 17 மணி நேரம் இருட்டு. தலைக்கவசத்தில் ஒரு விளக்கு, கைபிடியில் ஒரு விளக்கு, பனிக்கட்டியில் சறுக்காமலிருக்க ஆணி பதித்த ரயர் என்று ஆயத்தமாகப் போனோம். "போனோம்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கூடாரத்தில் சூப் காய்ச்சவும், போத்தல் நிரப்பவும், என்னைக் கவனிக்கவும் மனைவி வந்திருந்தார்.

உணவும் தண்ணீரும்

நீண்ட நேரம் ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. கடையில் விற்கும் இனிப்புக் கூழ் ஆறு மணி நேரத்துக்குப் பின் குமட்டத் தொடங்கியது. மனைவி உப்புப் போட்டு உருட்டித் தந்த சோற்று உருண்டைதான் இறங்கியது.

குளிரில் தாகம் தெரியாது. ஆனால் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கும். அதற்காகப் பயந்து அளவுக்கு மிஞ்சி வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, உப்புச் சேர்ந்த உணவோடு குடிப்பதே நல்லது. வலிக்கிறதென்று ஐபியுபுரோஃபன் மாத்திரையை விழுங்கிக்கொண்டு ஓடுவதும் கூடாது; உடலில் நீர் குறைந்த நேரத்தில் அது சிறுநீரகத்தைத் தாக்கலாம்.

இரவு இரண்டு மணி

புறப்படுமுன் நானும் மனைவியும் ஒரு தாளில் மூன்று விதிகள் எழுதி வைத்தோம். ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஜக்கெற் சிப்பை நானே இழுத்துப் பூட்ட வேண்டும். பிள்ளைகள் இருவரின் பிறந்த திகதிகளையும் தடுமாறாமல் சொல்ல வேண்டும். நெஞ்சில் எந்த நோ வந்தாலும் ஓட்டம் அத்துடன் முடிவு. முடிவெடுப்பவர் மனைவி, நான் வாதாடக்கூடாது.

ஒன்பதாவது சுற்று முடிந்து வந்தபோது மணி இரண்டு. மழையும் பனியும் கலந்து கொட்டி உள்சட்டை வரை நனைந்திருந்தேன். உடல் நடுங்கியது. மனமோ "நல்லாய் ஓடுகிறாய், இன்னும் ஒன்று போ" என்றது.

"இஞ்சேருங்கோ, சிப்பை மேலே இழுங்கோ," என்றார் மனைவி. விரல்கள் மூன்று முறை வழுக்கின. "மகளின்ரை பிறந்தநாள் எப்ப?" என்று கேட்டார். மாதத்தைச் சொன்னேன். திகதி வரவில்லை. நாக்கும் தடித்திருந்தது.

"காணும், இறங்குங்கோ!"

எனக்குக் கோபம் வந்தது. பத்து மாதப் பயிற்சி வீண் என்று கத்தினேன். அவர் பதில் சொல்லாமல் அந்தத் தாளை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். இறங்கினேன்.

உடல் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அது ஆபத்தான குளிர்தாக்கம். நடுக்கம், குழறும் பேச்சு, விரல் தடுமாற்றம், தெளிவில்லாத முடிவு ஆகியவை அதன் அறிகுறிகள். நடுக்கம் தானாக நின்றால் குணம் என்று எண்ணக் கூடாது. நிலைமை மோசமாகிறது என்றும் பொருளாகலாம். ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்த கம்பளியால் சுற்றி, அறிவு தெளிவாக இருந்தால் சூடான இனிப்புத் தேநீர் கொடுத்து, மருத்துவ உதவிக்கு அறிவிக்க வேண்டும். கைகால்களைத் தேய்க்கக் கூடாது. மதுபானம் கொடுக்கவே கூடாது. மனைவி இதையெல்லாம் முன்பே கேட்டறிந்து வைத்திருந்தார்.

பயணம் முடியவில்லை

ஞாயிறு காலை ஓடி முடித்தவர்களைக் கைதட்டி வரவேற்றோம். ஆனால் உடனே காரில் ஏறவில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 வீதம் மது உள்ளவரின் கவனத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 2014 டிசம்பர் முதல் ஸ்கொட்லாந்தில் வாகனம் ஓட்டுபவர்களுக்குள்ள சட்ட எல்லையே அதுதான்! ஆகவே அருகிலே தங்கி நன்றாகத் தூங்கி, திங்களன்று புறப்பட்டோம். இரவு வேலை முடித்து நீண்ட தூரம் கார் ஓடும் நம் சகோதரர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

உங்களுக்கும் ஆசையா?

தெற்காசியர்களான எங்களுக்குச் சலரோகமும் இருதய நோயும் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகின்றன. எனவே 40 வயதைத் தாண்டியவர்கள் கடும் பயிற்சி தொடங்குமுன் வைத்தியரைக் காணுங்கள். இன்சுலின், கிளிக்கிளசைட் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு நீண்ட ஓட்டத்தில் சீனி திடீரென இறங்கலாம்; மருந்தளவைக் கட்டாயம் கேட்டறியுங்கள். முதலில் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைப் பழக்கமாக்குங்கள். போட்டிக்குப் போவதானால் இரண்டு, மூன்று மணி நேர ஓட்டங்களில் தொடங்குங்கள்.

எங்கள் ஆண்கள் பலர் நெஞ்சு நோவை "வாய்வு" என்று சொல்லி மறைப்பவர்கள். களைத்த உடம்பில் இருக்கும் மூளையும் களைத்ததுதான். அதன் தீர்ப்பை மட்டும் நம்ப முடியாது. எப்போது நிறுத்துவது என்பதைத் தெளிவாக இருக்கும்போதே எழுதி, உங்களை நேசிக்கும் ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் "காணும்" என்றால் இறங்குங்கள்.

என் சைக்கிள் இன்னும் ஓடுகிறது. கடைசிப் பரிசோதனையில் சீனி எல்லைக்குக் கீழே இருந்தது. அந்தத் தாள் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியபடி இருக்கிறது.