இணைப்பு அறுந்தால் ஆட்டமும் நின்றுவிடும்

"தனியாக இருந்து விளையாடும் கேமுக்கு இன்டர்நெட் எதற்கு?" பிள்ளைகளிடம் பல உம்மாமார் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். முன்பெல்லாம் சீடீயைப் போட்டால் கேம் ஓடும். இன்று சில கேம்களில் ஒருவர் மட்டுமே ஆடும் கதைப் பகுதிக்கும் இணைப்பு இருந்தே ஆக வேண்டும். பிள்ளை எந்தக் கட்டத்தைத் தாண்டினான், என்ன சேர்த்தான் என்ற கணக்கெல்லாம் வீட்டிலுள்ள இயந்திரத்தில் அல்ல, கம்பனியின் சேர்வரிலேயே பதிவாகிறது. இணைப்பு அறுந்தால் ஆட்டம் நடுவில் நின்றுவிடும். சில வேளைகளில் கடைசியாக ஆடிய பகுதி பதிவாகாமலும் போகும். பிள்ளை ஆத்திரப்படுவது இதனால்தான்.

கோளாறு எங்கே?

முதலில் அறிய வேண்டியது, கோளாறு வீட்டிலா, கம்பனியிலா என்பதே. 2012 மே 15இல் டயப்ளோ 3 வெளியான அன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் உள்ளே போக முடியாமல் தவித்தார்கள். சேர்வர் நெரிசலால் 'பிழை 37' என்ற அறிவிப்பே திரையில் வந்தது. 2022 மார்ச்சில் கிரான் டுரிஸ்மோ 7 கார்ப் பந்தய கேம் 30 மணித்தியாலங்களுக்கு மேல் முடங்கிக் கிடந்தது. இப்படியான நேரத்தில் வீட்டில் எதைத் திருகினாலும் பயனில்லை.

எனவே கைத்தொலைபேசியை அதே வைபையில் இணைத்து வேறு பக்கங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறந்தால், கேம் கம்பனியின் சேர்வர் நிலவரப் பக்கத்தையும் பாருங்கள். அங்கே கோளாறு என்றிருந்தால் பொறுத்திருப்பதே வழி. அவசரப்பட்டு கேமை அழித்துவிட்டு மீண்டும் இறக்க விடாதீர்கள். பெரிய கேம் ஒன்றை இறக்கப் பல பத்து ஜிபி டேட்டா வீணாகிவிடும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. ரவுட்டரின் மின் இணைப்பைக் கழற்றி, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். எல்லா விளக்குகளும் எரியும்வரை சில நிமிடங்கள் காத்திருங்கள்.

2. முடிந்தால் ரவுட்டரிலிருந்து நேராகக் கேபிள் இழுத்துக் கொடுங்கள். வைபையைவிட இது உறுதியானது.

3. வைபைதான் என்றால் ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், உயரமான, திறந்த இடத்தில் வையுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் வைபையை சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் குழப்பும். ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுவது நல்லது.

4. அதே நேரத்தில் வீட்டில் வேறு யாராவது படம் பார்க்கிறார்களா, பெரிய கோப்பு எதையும் இறக்குகிறார்களா என்று கவனியுங்கள். மாத டேட்டா முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். சில பெக்கேஜ்களில் அது முடிந்தால் வேகம் சரிந்துவிடும்.

5. கேமும் இயந்திரமும் புதுப்பிக்கப்பட்டுள்ளனவா, திகதியும் நேரமும் சரியா என்று சரிபாருங்கள்.

6. இயந்திரத்தின் இணைப்புச் சோதனையில் 'நாட் டைப் 3' அல்லது 'ஸ்ட்ரிக்ட்' என்று வந்தால், ரவுட்டரில் யூபிஎன்பி வசதியை இயக்கிப் பார்க்கலாம். சிம் போட்டுப் பாவிக்கும் ரவுட்டர்களில் பெரும்பாலும் ஒரே இணைய முகவரியைப் பலர் பகிர்வதால் இது பலிக்காமலும் போகலாம். அப்போது இணைப்புத் தரும் கம்பனியிடம்தான் கேட்க வேண்டும்.

திருத்தித் தருவதாகச் சொல்லி கடவுச்சொல்லையோ, தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையோ கேட்பவர்களிடம் அவற்றைக் கொடுக்கவே கூடாது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

வேகம் மட்டும் போதாது

"பெரிய பெக்கேஜ் எடுத்தால் சரியாகிவிடும்" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ஆனால் ஆடும்போது செலவாகும் டேட்டா குறைவு. முக்கியமானது தகவல் போய்த் திரும்பும் நேரம். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். சிங்கப்பூர் கொழும்பிலிருந்து சுமார் 2,700 கிலோமீற்றர் தூரம். போய்வர ஆகக் குறைந்தது 27 மில்லிசெக்கன் எடுக்கும். ஐரோப்பாவிலுள்ள சேர்வரானால் அதுபோலப் பல மடங்கு. காசு கொடுத்து இந்தத் தூரத்தைக் குறைக்க முடியாது. கேமில் தெரிவு செய்ய வசதியிருந்தால் அருகிலுள்ள சேர்வரைத் தெரிவு செய்வதே புத்தி.

வாங்கும் முன்

2014 டிசம்பரில் வெளியான த க்ரூ என்ற கேமின் சேர்வர்களை யூபிசொஃப்ட் கம்பனி 2024 மார்ச் 31இல் மூடியது. தனியாக ஆடுவதற்கும் அதற்கு இணைப்பு வேண்டியிருந்ததால், டிஸ்க் கையில் வைத்திருந்தவர்களாலும் பிறகு ஆட முடியவில்லை. மாறாக, 2013இல் சேர்வர் நெரிசலால் பெயர் கெட்ட சிம்சிட்டிக்கு, ஓராண்டின் பின் இணைப்பின்றி ஆடும் வசதி கொடுக்கப்பட்டது. எல்லாக் கம்பனிகளும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே பெருநாள் காசில் பிள்ளை கேம் கேட்டால், 'தொடர்ச்சியான இன்டர்நெட் அவசியம்' என்று பெட்டியிலோ விற்பனைப் பக்கத்திலோ எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று. 2023இல் வந்த டயப்ளோ 4 போன்ற கேம்களைத் தனியாக ஆடும்போதும் இடையில் நிறுத்தி வைக்க முடியாது. "சாப்பிட வா" என்றதும் பிள்ளை எழும்பாதது பிடிவாதத்தால் மட்டுமல்ல. கோபத்தில் ரவுட்டரை நிறுத்தாமல், பத்து நிமிடத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்து, முறைப்படி வெளியேறிவிட்டு அவன் சாப்பாட்டுக்கு வரட்டும்.